வெடிப்பதற்கு முன் வந்த பாட்டு

அத்தியாயம் 4

அன்று காலையிலிருந்தே கலைச்செல்விக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்ட இட்லியின் மேல் தப்பில்லை. பட்டம் ஏரியாவில் புதிதாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்திருக்கும் வினீத்தைப் பற்றி அவளுடைய முதலாளி நெல்லையப்பன் இரண்டு தடவை வாயாரப் பேசிவிட்டார். முதல் தடவை அவனுடைய ஏசி அறையைப் பற்றி. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை அவனிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி.

"அந்தப் பொண்ணு வாயே திறக்கிறதில்லையாம் கலை. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே நிக்குமாம்."

"பேச விஷயம் இருந்தாத்தானே சார் திறக்கும்?" என்றாள் கலைச்செல்வி. இருவரும் ஏறி வந்த ஆட்டோ வலியசாலைக்குள் திரும்பியது. அதற்குப் பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அது கோபத்தில் வந்த மௌனம் என்பது நெல்லையப்பனுக்கு நன்றாகவே தெரிந்தது.

நெல்லையப்பன் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடை, எரிந்த குடோன் என்று சாம்பலைக் கிளறி ரிப்போர்ட் கொடுத்தவர். இப்போது சாலை பஜாரில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே சொந்த ஆபீஸ். கலைச்செல்விதான் அவருடைய ஒரே உதவியாளர். அந்தப் பெருமையில்தான் இன்று காலை ஓட்டை விழுந்திருந்தது.

அவர்களை வரச்சொல்லியிருந்த பத்மகுமார் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் டெஸ்டர். வீட்டிலேயே உட்கார்ந்து பழைய காலத்துக் கண்ணாடி வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபையர் செய்வது அவருடைய பைத்தியம். ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் சில பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒருவர் செய்ததை மற்றவர் கேட்டு, வாயால் பாராட்டி மனதுக்குள் புழுங்கிவிட்டுப் போவார்கள்.

"வாங்கோ. எதையும் தொடாதேங்கோ, எவிடென்ஸாக்கும்" என்று முன்னறைக்குள் அழைத்துப்போனார்.

மேஜை மேல் அவர் செய்த ஆம்ப்ளிஃபையர், ஒரு அலுமினியப் பெட்டி. அதன் தலையில் கனத்த ட்ரான்ஸ்ஃபார்மர், வரிசையாக வால்வுகள், நடுவே வாய் பிளந்து கிடந்த ஒரு கெபாசிட்டர். கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் டப்பா அது. வெடித்தபோது உள்ளே இருந்த ஈரக் காகிதமும் பிசுக்கும் சீறியடித்திருந்தன. ட்ரான்ஸ்ஃபார்மர், வால்வுகள், சுவரில் தொங்கிய காலண்டர், ஒன்றும் தப்பவில்லை. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறப் புள்ளிகள்.

"பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியும். கரமனையில மைக்செட் கடை வச்சிருக்கானே மகாராஜா, அவன்தான்" என்றார் பத்மகுமார். "ஞாயித்துக்கிழமை இங்கதான் கூடினோம். எல்லாரும் சேவை சாப்பிட உள்ள போயிட்டோம். அவன் மட்டும் இந்த ரூம்ல தனியா இருந்தான். மறுநாள் காத்தால ஸ்விட்சைப் போட்டேன், வெடிச்சுடுத்து. கிட்டப் போய்ப் பார்த்தா, என்னோட ரெக்டிஃபையர் வால்வு இருந்த எடத்துல இது இருக்கு."

பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார். உள்ளே ஒரு பிளக். பழைய வால்வின் கண்ணாடியை உடைத்தெடுத்துவிட்டு, அடிப்பாகத்துக்குள் இரண்டு சின்ன டயோடுகளை அடக்கியிருந்தது. ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு.

"அந்தப் பொட்டு அவனோட அடையாளம். இந்த ஊர்ல வேற யாரும் இதைப் பண்றதில்லை."

கலைச்செல்வி கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கே சார். நீங்க தொடச்சீங்களா?"

"தொடைப்பேனா! விரல் ரேகை போயிடாதோ? கர்ச்சீப்பால புடுங்கி அப்படியே கவர்ல போட்டேன்."

"போலீசுக்குப் போகலையா?" என்றார் நெல்லையப்பன்.

"போனேனே. அந்த எஸ்.ஐ. ‘சாரே, ரேடியோ பொட்டியதினு கேஸோ?’ங்கறான். ரேடியோ வெடிச்சதுக்கெல்லாம் கேஸான்னு சிரிக்கறான். விஷயம் தெரிஞ்சவா யாராவது பார்த்து எழுதிக் குடுத்தா கேஸ் எடுக்கலாம்னான். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"அதென்ன சாயங்காலக் கணக்கு?"

பத்மகுமார் பதில் சொல்வதற்குள் காபி டம்ளர்களோடு வந்த அவர் மனைவி மங்கலம் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு மகாராஜா ஆத்துக்குப் பாஸ்போர்ட் விஷயமா விசாரிக்கப் போலீஸ் வரான். கேஸ் இருந்தா பாஸ்போர்ட் நின்னுடும். அவர் பொண்ணு அனுஷா மஸ்கட்ல மாசமா இருக்கா, டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டார். தாயில்லாப் பொண்ணு. மாப்பிள்ளைக்கோ கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலை, பாதி நாள் ஆத்துலயே இருக்க மாட்டான். மகாராஜா போகலேன்னா அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

"தப்புப் பண்றவன் அதையெல்லாம் யோசிக்கணும்" என்றார் பத்மகுமார்.

கலைச்செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி வெடித்ததற்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் தலையில் கை வைக்கிறாரே மனிதர்! காபியை வாங்கிக்கொண்டு மங்கலத்திடம், "நீங்க ரொம்பப் பயந்துட்டீங்களா மாமி?" என்றாள்.

"பயமா? நேக்குக் கையும் காலும் வெலவெலத்துப் போயிடுத்து. பாட்டு என்ன அழகா வந்துண்டிருந்தது தெரியுமோ? பல்லவி முடிஞ்சு அனுபல்லவியை எடுக்கறா, டமார்! அன்னிக்கு என்னவோ சத்தமே கம்பீரமா..."

"மங்கலம், நீ உள்ள போ. அவா வேலையைப் பார்க்கட்டும்" என்றார் பத்மகுமார். மங்கலம் காலி டம்ளரைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

கரமனைக்கு பஸ்ஸில் போனார்கள். "அந்தப் பத்மகுமார் கண்ணைப் பார்த்தீங்களா சார்? பொறாமை பிடிச்சவங்க கண்ணு" என்றாள் கலைச்செல்வி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"இன்னிக்குக் காலையில பல் தேய்க்கும்போது கண்ணாடியில பார்த்தேன்."

நெல்லையப்பன் சிரித்துவிட்டார். வினீத்தின் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மகாராஜாவின் கடை பாலத்துக்குப் பக்கத்தில். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வருமென்று காலையிலேயே சவரம் செய்து பவுடர் பூசி ஆள் தயார். நெல்லையப்பன் நீட்டிய பிளக்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னுதுதான். நான் எங்க இல்லேன்னேன்? போன ஓணத்துக்கு நான்தான் அவருக்குக் குடுத்தேன். வால்வு கெட்டுப்போனா இதைப் போட்டுப் பாருங்கன்னேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு அலமாரியில எறிஞ்சாரு."

"அதுக்குச் சாட்சி?"

"அவரு மூஞ்சிதான் சாட்சி."

"ஞாயித்துக்கிழமை அந்த ரூம்ல தனியா என்ன பண்ணீங்க?" என்றாள் கலைச்செல்வி.

மகாராஜா மோவாயைத் தடவினார். "உள்ளதைச் சொல்லுதேன் தாயி. அவரு ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சுக் கேட்டேன். ஒரு இரைச்சல் கிடையாது. என் ஆம்ப்ல எவ்வளவு முட்டினாலும் அடியில ஒரு ம்ம்ம்னு கேக்கும். இவருக்கு மட்டும் எப்படிடா வாய்க்குதுன்னு வயிறு எரிஞ்சுது. அந்த எரிச்சல்ல ஒரு டியூப்லைட்டே எரிஞ்சிருக்கும்."

காரணமும் இவரே சொல்கிறார், சந்தர்ப்பமும் இவரே சொல்கிறார், கருவியும் இவருடையது. இந்த ஆளுக்கு எதிரி வெளியே வேண்டியதில்லை என்று கலைச்செல்வி நினைத்தாள்.

"அவருக்கு மட்டும் ஏன் இரைச்சல் இல்ல?" என்றார் நெல்லையப்பன்.

"பவர் சப்ளைதான் சார். வேற என்ன?" மகாராஜாவின் குரல் கடையை நிறைத்தது. "லைன்ல வார கரண்டு அலை அலையா வரும். வால்வுக்குச் சமமா வேணும். அதைச் சமப்படுத்துறதுல இந்த ஊர்ல ரெண்டு முன்னணி பாத்துக்கிடுங்க. அவரு சோக் முன்னணி. சோக்குன்னா இரும்புல சுத்தின கம்பிச்சுருள். அதை முன்னால நிறுத்தி, கெபாசிட்டரைப் பின்னால வச்சா, அலை அடங்கி ஒடுங்கித்தான் வரும். அமைதியா இருக்கும், வோல்ட்டேஜ் கம்மி. நான் கெபாசிட்டர் முன்னணி. எனக்கு முன்னால கெபாசிட்டர். அது அலையோட உச்சியைப் புடிச்சு வச்சுக்கிடும். வோல்ட்டேஜ் ஒண்ணரை மடங்கு. கொஞ்சம் இரையும், ஆனா ஆம்ப் எந்திரிச்சு நின்னு பாடும்லா!"

"ஞாயித்துக்கிழமை அங்க உங்க ஆம்ப் பாடுச்சா?"

"பாடுச்சாவா? மங்கலம் அம்மாவே சொன்னாங்க, ‘பாடறவ பக்கத்துல உக்காந்துண்டு பாடற மாதிரி இருக்கு’ன்னு. அத்தனை பேர் முன்னாலயும்! பத்மகுமார் சார் மூஞ்சியைப் பாக்கணுமே. அதுக்குப் பொறவுதான் சேவை சாப்பிடக் கூப்பிட்டாரு. எனக்குச் சாப்பாடு எறங்கல, சந்தோசத்துல. அதான் ரூம்லயே இருந்துட்டேன்."

இதைப் பத்மகுமார் சொல்லவில்லையே என்று கலைச்செல்வி முதலாளியைப் பார்த்தாள். அவர் பிளக்கை மேஜையில் வைத்தார். "இதை அவர் ஆம்ப்ல சொருகினா வெடிக்குமா? உண்மையைச் சொல்லணும்."

மகாராஜா தயங்கினார். பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனால் வால்வு விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை. "வெடிக்கலாம் சார். ஏசியை டிசி ஆக்குத ரெக்டிஃபையர் வால்வு மெள்ளச் சூடாகித்தான் கரண்டை விடும். அதுக்குள்ள மத்த வால்வும் முழிச்சிரும். இந்தப் பிளக்கு அப்படி இல்ல. ஸ்விட்சைப் போட்டதும் பூராவும் விட்டுரும். அந்த நேரம் கரண்டைக் குடிக்க ஆளில்ல. வோல்ட்டேஜ் ஏறும், கெபாசிட்டர் தாங்காது."

போச்சு, தன் வாயாலேயே தன்னை மாட்டிவிட்டார். கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் மங்கலம் மாமி காபி டம்ளரோடு வந்து நின்றாள். சட்டென்று திறந்து, "அண்ணாச்சி, வெடிச்சா எப்ப வெடிக்கும்?" என்றாள்.

"அப்பவே. போட்ட கையோட."

"பாட்டு ஆரம்பிச்சு, பல்லவி முடிஞ்ச பிறகு?"

"அதெப்படி வெடிக்கும்? பாட்டு வருதுன்னா எல்லா வால்வும் சூடாகி, கரண்டைக் குடிக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். வோல்ட்டேஜ் எறங்கிரும். பிளக்கால வெடிக்குததா இருந்தா பாட்டுக்கு முன்னாலயே வெடிச்சிரணும். பாட்டு வந்துட்டா பொறவு பயமில்ல."

நெல்லையப்பன் எழுந்தே விட்டார். "பேசாம பார்த்துக்கிட்டே நிக்கிற பொண்ணுக்கு இது கிடைச்சிருக்காது கலை" என்றார். காலையிலிருந்து எரிந்தது அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் குளிர்ந்துபோயிற்று. பிறகு அவர் மகாராஜாவிடம் கேட்டார்: "சரி, அவர் ஆம்ப் பாட்டு பாதியில வெடிக்கணும்னா என்ன செய்யணும்?"

மகாராஜா வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ஆனா அதை அவரு செத்தாலும் செய்யமாட்டாரு." குனிந்து அந்த வழியைச் சொன்னார். கேட்டதும் கலைச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வலியசாலையில் பத்மகுமார் சட்டை மாற்றித் தயாராக இருந்தார், நேரே ஸ்டேஷனுக்குப் போக. "ரிப்போர்ட் ரெடியா?"

"ரெடி. மாமியும் இருக்கட்டும்" என்றார் நெல்லையப்பன். மங்கலம் கதவருகே வந்து நின்றாள். "ஒரு சந்தேகம் சார். கெபாசிட்டர் வெடிச்சப்போ இந்தப் பிளக் ஆம்ப் மேல சொருகியிருந்ததுன்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"நீங்க தொடைக்கலை."

"தொடைக்கலை!"

"பக்கத்துல இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர் மேல புள்ளி. வால்வு மேல புள்ளி. சுவர்ல காலண்டர் மேல கூடப் புள்ளி. நட்டநடுவுல இருந்த பிளக் மேல மட்டும் ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

"குடை பிடிச்சிருக்கும் சார்" என்றாள் கலைச்செல்வி.

பத்மகுமாரின் கை டெஸ்டரைத் தேடியது. நெல்லையப்பன் விடவில்லை. "வெடிச்ச பிறகுதான் இது இங்க வந்திருக்கு. வெடிச்ச பிறகு இந்த ரூம்ல இருந்தது நீங்கதான், மகாராஜா இல்ல. இன்னொண்ணு. பிளக்கால வெடிச்சிருந்தா மாமி காதுல பாட்டே விழுந்திருக்காது. பல்லவி முழுசா விழுந்திருக்கு, அதுவும் கம்பீரமா. கலை, அதைத் திருப்பு."

"தொடாதேங்கோ!" என்று பத்மகுமார் கத்துவதற்குள் கலைச்செல்வி பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். உள்ளே கம்பிகள் கோலம் போட்ட மாதிரி ஒழுங்காக ஓடின. ஈயப் பற்றுகள் எல்லாம் நாள்பட்டு மங்கியிருந்தன. சோக்கின் முன்காலில் இருந்த பற்று மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

"இங்க ஒரு கெபாசிட்டரை ஈயத்தால பத்த வச்சு, பிறகு எடுத்திருக்கு" என்றார் நெல்லையப்பன். "சோக்குக்கு முன்னால. வோல்ட்டேஜ் ஒண்ணரை மடங்கு ஏறியிருக்கு. ஆம்ப் எழுந்து நின்னு பாடியிருக்கு. பின்னால இருந்த கெபாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்துட்டு, சூடேறி அனுபல்லவியில வெடிச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை மகாராஜா இங்க தனியா இருந்த நேரத்துக்குள்ள திருகாணியெல்லாம் கழட்டி, ஈயம் வச்சு, மறுபடி மூட முடியாது. வெடிச்சதுக்கு அப்புறம் அதை எடுத்து ஒளிச்சு வைக்கவும் முடியாது."

"சோக் முன்னணித் தலைவர் ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறிட்டார்" என்றாள் கலைச்செல்வி. சொன்ன பிறகு பத்மகுமாரின் முகத்தைப் பார்த்தாள். ஏன் சொன்னோம் என்றிருந்தது.

பத்மகுமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் நெல்லையப்பனைப் பார்க்கவில்லை. மங்கலத்தைப் பார்த்தார்.

"எத்தனை ஆம்ப் பண்ணியிருப்பேன் இந்த ரூம்ல? ஒரே ஒரு தடவை நன்னாருக்குன்னு சொன்னியாடி? அவன் ஒரு டப்பாவைத் தூக்கிண்டு வரான், ம்ம்ம்னு இரையறது, அதைக் கேட்டுட்டு எல்லார் முன்னாடியும் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரின்னு சொன்னே. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரலை. அவன் பண்ற மாதிரிப் பண்ணினா என்னோடதுக்கும் சொல்லுவியோன்னு பார்த்தேன். வெடிச்சுடுத்து. அந்தக் கெபாசிட்டரை மட்டும் அவன் பார்த்தான்னா ஊரைக் கூட்டிச் சிரிப்பான். எடுத்துட்டேன். வெடிச்சதுக்கு ஒரு காரணம் வேணுமே. அலமாரியில அவன் பிளக் இருந்தது."

"அதுக்காக அந்தப் பொண்ணை..." என்று ஆரம்பித்த மங்கலம் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்த குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ரூமுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டேள்? ‘மங்கலம், காதைக் கிட்ட வச்சுக் கேளு, ஹம் இருக்கா, இரையறதா?’ இல்லேன்னு சொல்லுவேன். உடனே பாட்டை நிறுத்திடுவேள். அவ்வளவுதான் என் ஜோலி. பாட்டு எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேட்டேளா? மகாராஜா கேட்டார். நான் சொன்னேன்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டிருந்தது.

மங்கலம் மேஜையிலிருந்த போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "போலீஸ் வர்றதுக்குள்ள பேசுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ, நான் கேக்கணும்."

முதல் மணியிலேயே மகாராஜா எடுத்துவிட்டார். "சார்?" என்ற அந்தப் பெரிய குரல் இப்போது சின்னதாக ஒலித்தது. பாவம், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

பத்மகுமார் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். பிளக்கைச் சொருகியது தான் என்றார். கெபாசிட்டரை வைத்ததும் தான், எடுத்ததும் தான் என்றார். "கேஸ் ஒண்ணும் கிடையாது மகாராஜா. போலீஸ்காரன் வந்தா தைரியமாப் பேசு. அனுஷா கிட்டப் போய்ச் சேரு. என்னை மன்னிச்சுக்கோ."

இப்போது கிழிகிழியென்று கிழிக்கப்போகிறார் என்று கலைச்செல்வி காத்திருந்தாள். கிழிக்கட்டும், வேண்டியதுதான்.

"கெபாசிட்டரா? சோக்குக்கு முன்னாலயா? நீங்களா?" என்றார் மகாராஜா.

"நான்தான்."

"உங்களை என்ன செஞ்சா தகும்னு மஸ்கட் போயிட்டு வந்து சொல்லுதேன்." தொண்டையைச் செருமினார். "அது கெடக்கட்டும் சார். சவுண்டு எப்படி இருந்துச்சு?"

பத்மகுமாரின் வாய் திறந்தது. மூடியது. நெற்றியில் வேர்த்து விபூதி கரைந்தது. செய்த குற்றத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டவருக்கு இதற்கு மட்டும் பதில் வரவில்லை. மகாராஜா அங்கே விடாமல் "சார்? சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மங்கலம் குனிந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்னா இருந்தது மகாராஜா" என்றாள். "வெடிக்கறவரைக்கும்."